எனக்குக் கணக்குக் கேட்கிற நாற்காலி போதும்

போன வாரம் கல்லூரித் தோழர்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தன் ஒரு கேள்வியைக் கொளுத்திப் போட்டான். "அரசியல்ல ஒரே ஒரு பதவி, கேட்டா கிடைக்கும்னா எதைக் கேப்பீங்க?" கால் மணி நேரத்தில் ஏழு பிரதமர், நாலு முதல்வர், ஒரு வெளியுறவு அமைச்சர் தேறினார்கள் (ஓசியில் உலகம் சுற்றலாமாம்). இன்னொருத்தன் ஆளுநர் என்றான். மாளிகை பெரிசு, வேலை சிறிசு என்று காரணமும் சொன்னான். நான், "நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுத் தலைவர்" என்று போட்டேன். கொஞ்ச நேரம் குழுவில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தன் கேட்டான்: "அது எந்த வார்டுடா?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் இப்போது யார் இருக்கிறார் என்று பத்து பேரைக் கேட்டால் ஒன்பது பேர் விழிப்பார்கள். கட்அவுட், சால்வை எதுவும் தேடி வராத பதவி அது. ஆனாலும் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிரதமர், முதல்வர் எல்லாம் எனக்கு ஒத்துவராது. காலையில் எழுந்ததும் பத்து பேரைச் சமாதானப்படுத்தி, ராத்திரி படுக்கும்போது இருபது பேரைப் பகைத்துக்கொள்ளும் வேலை அது. நிதியமைச்சர் ஆசை ஒரு காலத்தில் இருந்தது. பட்ஜெட் அன்றைக்கு நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்குமே, அந்த ஒரு நாளுக்காக. அப்புறம் நேரு காலத்து நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கதையைப் படித்தேன். 1957-ல் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. அதைச் சபையில் எழுந்து கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளுங்கட்சி எம்.பி., அதுவும் பிரதமரின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அதைப் படித்து முடித்தபோது, டி.டி.கே.யின் நாற்காலியைவிட ஃபெரோஸ் காந்தி எழுந்து நின்ற அந்த பெஞ்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சபாநாயகர் பதவியிடமும் கொஞ்ச நாள் மனசு போனது. 1642-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் படையோடு சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைத் தேடியபோது, அவர்கள் எங்கே என்று சபாநாயகர் லென்தாலிடம் கேட்டார். அவர் மண்டியிட்டு, இந்தச் சபை சொல்லாமல் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றார். மண்டியிட்டபடியே ஒரு அரசனுக்கு முடியாது என்று சொன்ன மனுஷன்! நம் ஊரிலும் நீலம் சஞ்சீவ ரெட்டி 1967-ல் சபாநாயகர் ஆனதும் கட்சியை விட்டே விலகினார். 2008-ல் சோம்நாத் சட்டர்ஜி, கட்சி சொன்னபடி பதவி விலக மறுத்ததற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் இவர்கள் விதிவிலக்கு. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து யார் தாவினார், யார் தாவவில்லை என்று தீர்ப்புச் சொல்வதும் சபாநாயகர் தலையில்தான். தன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்த கட்சியை வைத்துக்கொண்டு நியாயம் சொல்ல எல்லோராலும் ஆகாது. என்னால் நிச்சயம் ஆகாது.

சரி, பொதுக் கணக்குக் குழு என்ன செய்கிறது? பட்ஜெட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று மானியக் கோரிக்கை வைக்கும். விவாதிக்க நேரம் இருக்காது. பெரும்பாலான கோரிக்கைகள் கடைசி நாளில் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விடப்பட்டு நிறைவேறும். இதற்கு 'கில்லட்டின்' (தலை வெட்டும் இயந்திரம்) என்றே பெயர். பணம் போய்விட்டது. அது என்ன ஆனது என்று நாட்டின் தணிக்கைத் தலைவரான சி.ஏ.ஜி. தணிக்கை செய்து அறிக்கை தருவார். அந்த அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு, "இது ஏன் இப்படி?" என்று கேட்பதுதான் இந்தக் குழுவின் வேலை. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், ஒரு வருஷப் பதவிக்காலம். அமைச்சராக இருப்பவர் உள்ளே வர முடியாது. உறுப்பினர் ஒருவர் அமைச்சராகிவிட்டால் அன்றோடு வெளியே.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 1921-ல் இந்தக் குழு தொடங்கியபோது அதற்குத் தலைவர் யார் தெரியுமா? நிதித் துறையைக் கையில் வைத்திருந்தவரேதான். குழுவுக்கு எழுத்து வேலை பார்த்ததும் அதே நிதித் துறை. பரீட்சை எழுதியவனே பேப்பரும் திருத்திக்கொண்டான், 1949 வரைக்கும். 1950-ல் குழு சபாநாயகரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அப்புறமும் ஆளுங்கட்சிக்காரரே தலைவர். 1967-ல்தான் எதிர்க்கட்சியின் மினு மசானியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அது எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. பிரிட்டனில் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1861-லேயே இப்படி ஒரு குழுவை ஏற்படுத்திவிட்டார். அங்கேயும் தலைவர் எதிர்க்கட்சிதான். தேர்தலில் தோற்றவன் கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடு என்ற யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவருக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாஜ்பாய்கூட பிரதமர் ஆவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்தான்.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் முன்னால் சங்கத்துக்குத் தணிக்கையாளராக என்னைப் போட்டார்கள். போட்டார்கள் என்றால், கூட்டத்துக்குப் போகாத அன்றைக்குப் போட்டுவிட்டார்கள். கோப்பைப் புரட்டினேன். மூன்றாவது பக்கத்தில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி. வாட்ச்மேனின் வருஷச் சம்பளத்தைவிட அது பெரிசு. கீழே பென்சிலால் 'போர்வெல் மோட்டார்' என்று எழுதி, அதை அழித்து, மறுபடி எழுதியிருந்தது. பில் இல்லை. பொருளாளர் ஓய்வுபெற்றவர், தங்கமான மனுஷர், பண்டிகை என்றால் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். "சார், இந்த மோட்டார் பில் மட்டும் இருந்தா வச்சுடலாம்" என்றேன். அவர் முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. "தம்பி, நான் என்ன என் வீட்டுக்கா எடுத்துட்டுப் போயிட்டேன்?"

எடுத்துப் போகவில்லை. எனக்கு அதில் இன்றுவரை சந்தேகமே இல்லை. மோட்டார் மாற்றியது உண்மை, தண்ணீர் வருவதும் உண்மை. எங்கேயோ ஒரு சட்டைப் பையோடு அந்தத் துண்டுச் சீட்டு வாஷிங் மெஷினுக்குள் போயிருக்கும். ஆனால் அடுத்த இரண்டு மாசம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் பாதிப் பேர் செல்போனைப் பார்த்தார்கள். "பெரியவரைப் போய்த் திருடன்னுட்டானே" என்று பேச்சு. நான் கேட்டது ஒரு பில். அவர்கள் காதில் விழுந்தது வேறு.

நம்மிடம் இருக்கிற கோளாறே இதுதான் என்று எனக்குப் படுகிறது. கணக்குக் கேட்டால் பழி சுமத்துகிறான் என்று அர்த்தம். குடும்பத்தில், சங்கத்தில், கட்சியில், எல்லா இடத்திலும் இதே கதை. 1972-ல் எம்.ஜி.ஆர். கட்சியில் கணக்குக் கேட்டதும், வெளியேற்றப்பட்டதும், தமிழ்நாட்டு அரசியலே இரண்டாகப் பிரிந்ததும் ஊருக்கே தெரியும். (அதற்குப் பின்னால் வேறு காரணமும் இருந்தது என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.) பொதுக் கணக்குக் குழுத் தலைவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்பதுதான் அவருக்கு வேலை, எதிரில் உட்கார்ந்திருக்கும் செயலாளருக்கும் அது தெரியும். மெஷின் வாங்கினீர்களே, அதை வைக்க அறை கட்டினீர்களா? கட்டடம் எழுப்பினீர்களே, கரண்ட் கனெக்‌ஷன்? இதை நட்பு கெடாமல், லிஃப்டில் முகம் திருப்பாமல் கேட்கலாம். அம்பேத்கர் 1949-ல் அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பிலேயே ஒருவேளை மிக முக்கியமான அதிகாரி இந்தத் தணிக்கைத் தலைவர்தான் என்று பேசினார். அந்த அதிகாரி எழுதியதை எடுத்து வைத்துக் கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டால் அறிக்கை அலமாரிக்குத்தான் போகும்.

பல் இல்லாத பதவி என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். குழு சொல்வது பரிந்துரை மட்டுமே, அரசைக் கட்டுப்படுத்தாது. திட்டம் சரியா தப்பா என்று கேட்கவும் முடியாது, பணம் ஒழுங்காகச் செலவானதா என்பதோடு சரி. கூட்டமும் மூடிய கதவுக்குள். கட்சி புகுந்தால் அதுவும் கெட்டது: 2011-ல் அலைக்கற்றை விவகார வரைவு அறிக்கையில் குழு இரண்டாகப் பிளந்து, கடைசியில் சபாநாயகர் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். 'செத்த பிறகு போஸ்ட்மார்ட்டம்' என்பது பழைய கிண்டல். இருக்கட்டுமே. எதனால் செத்தது என்று தெரியாமல் புதைப்பதைவிட அது மேல்தானே? பரிந்துரை போனால் ஆறு மாசத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு பதில் எழுத வேண்டும். எழுத வைப்பதே பாதி வெற்றி என்று நினைக்கிற ஆள் நான்.

இதையெல்லாம் வாட்ஸப் குழுவில் தட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் 'எந்த வார்டு' என்று கேட்டவன் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"எல்லாம் சரிடா. அந்த மோட்டார் பில் அப்புறம் கிடைச்சுதா?"

"நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் போட்டேன்.