ஏழு மாடிக்கு வரன்முறை, மூணடி சாக்குக்கு லாரியா?

நேத்து காலைல எங்க தெரு முனையில நடந்ததைப் பாத்ததுல இருந்து மனசு ஆறவே இல்ல, ராத்திரி தூக்கமும் வரல, அதான் எழுதறேன்.

தி.நகர், தெற்கு உஸ்மான் ரோட்டுல இருந்து உள்ள பிரியற சந்து ஒண்ணுலதான் எங்க வீடு. முனையில ஒரு கீரைக்காரம்மா உக்காருவாங்க, பத்தொன்பது வருஷமா அதே இடம். மூணடிக்கு ஒரு சாக்கு, அது மேல ஈரத்துணி போட்டு மூடின அரைக்கீரை, சிறுகீரை, கொஞ்சம் மணத்தக்காளி, ரெண்டு வாழைப்பூ, ஒரு டப்பால எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் கடை. ஒன்பது மணிக்குள்ள வித்து முடிச்சு, உக்காந்த இடத்தைத் தானே பெருக்கிட்டு மாம்பலம் ஸ்டேஷனுக்கு ரயில் பிடிக்கப் போயிடுவாங்க. நேத்து ஆறே முக்காலுக்கு ஒரு மாநகராட்சி லாரி வந்து நின்னுச்சு, ரெண்டு பேரு இறங்கினாங்க, ஒரு வார்த்தை பேசல, சாக்கோட நாலு மூலையையும் பிடிச்சுத் தூக்கி கீரையோட லாரிக்குள்ள வீசிட்டாங்க. எலுமிச்சம்பழம் எல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுது, அந்த அம்மா குனிஞ்சு பொறுக்கறாங்க, "சாக்கையாவது குடுத்துட்டுப் போங்கப்பா"ன்னு கெஞ்சறாங்க. பால் பாக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு நான் ஓடிப்போய் கேட்டேன், என்னங்க இது அநியாயமா இருக்கு, வயசானவங்க பாத்து எடுக்கக் கூடாதான்னு. "ஆக்கிரமிப்பும்மா, மேல இருந்து ஆர்டர்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டாங்க.

ஆக்கிரமிப்பா? இருபது அடி தள்ளி ஒரு துணிக்கடை, அதோட படிக்கட்டு பிளாட்பாரத்துல, ஜெனரேட்டர் பிளாட்பாரத்துல, காவலாளி நாற்காலியும் பிளாட்பாரத்துல, கஸ்டமர் பைக் வரிசையா எங்க கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது, அதை எடுக்க ஒரு லாரியும் வந்து நான் பாத்தது இல்ல.

முப்பத்திநாலு வருஷம் முன்னாடி கல்யாணம் ஆகி இந்தத் தெருவுக்கு வந்தேன். 1920கள்ல ஏரியைத் தூர்த்து பனகல் பார்க்கைச் சுத்தி ஜனங்க குடியிருக்கறதுக்காகப் போட்ட ஊருங்க இது. நான் வந்தப்போகூட தெருவுல ஒரு மளிகைக் கடை, ஒரு மாவு மில், இஸ்திரி வண்டி, செருப்பு தைக்கிறவர் எல்லாம் இருந்தாங்க. இன்னைக்கு அந்த மில் இருந்த இடம் துணி குடோன். மளிகைக் கடை அண்ணாச்சி வாடகை கட்டுப்படியாகாம மூணு வருஷம் முன்னாடி மூடிட்டு ஊருக்கே போயிட்டாரு, இப்ப அங்க லெக்கின்ஸ் விக்கறாங்க. அண்ணாச்சிகிட்ட மாசக் கணக்கு நோட்டு உண்டு, அரை மூடி தேங்கா கேட்டா உடைச்சுத் தருவாரு, நாலு காய் வாங்கினா கொத்தமல்லி கறிவேப்பிலை கொசுறு, அதுக்கு யாரும் காசு கேட்டதே இல்ல. இப்ப ரெண்டு சிக்னல் தாண்டிப் போனா சூப்பர் மார்க்கெட்ல அதே கறிவேப்பிலை பிளாஸ்டிக் கவர்ல அடைச்சு பதினஞ்சு ரூபா, பச்சை மிளகாய் கால் கிலோ பாக்கெட்டாதான் வாங்கணும், வீட்ல இருக்கறது மூணு பேரு, மிச்சம் அழுகித்தான் போகுது.

ஆப்ல போட்டா பத்து நிமிஷத்துல வருதே, எதுக்குப் புலம்பறேன்னு என் பையனே கேக்கறான். வருது, இல்லேன்னு சொல்லல. எங்க அத்தைக்கு எண்பத்தோரு வயசு, பட்டன் போன்தான், காலைல தானே நடந்து போய் கீரையைப் பிரிச்சுப் பாத்து வாங்கறதுதான் அவங்களுக்கு வெளி உலகம், முட்டி வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னதும் அந்த நடைதான். கீரைக்காரம்மா ரெண்டு நாள் அத்தையைக் காணலேன்னா வீட்டுக்கே வந்து "பெரியம்மாவுக்கு உடம்பு ஏதாவது முடியலையா"ன்னு கேப்பாங்க, எந்த ஆப்புங்க வந்து கேக்கும்?

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலேன்னு நான் சொல்ல வரல. 2019 நவம்பர்ல பாண்டி பஜார்ல நடைபாதை வளாகம் திறந்தாங்க, அகலமான பிளாட்பாரம், உக்கார பெஞ்சு, நல்லாதான் இருக்கு, அத்தையைக் கூட்டிட்டுப் போய் நானே உக்காந்திருக்கேன். 2023 மே மாசம் மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை, 28 கோடிக்கு மேல செலவு, ரங்கநாதன் தெருவுல நெரிபடாம போகலாம், அதுவும் நல்லதுதான். அடுக்குமாடி பார்க்கிங் கட்டினாங்க, 200 காருக்கு மேல நிக்கும். பனகல் பார்க்குல மெட்ரோவுக்குத் தோண்டினாங்க. எல்லாம் சரி, எல்லாமே வெளியூர்ல இருந்து நகை புடவை வாங்க வர்றவங்க வந்துட்டுப் போறதுக்கு. இங்கயே குடியிருக்கறவன் காலைல ஒரு கட்டு கீரை நடந்து போய் எங்க வாங்குவான்னு இத்தனை திட்டத்துல ஒரு வரி உண்டா? தீபாவளி சமயத்துல தடுப்பு வச்சு எங்க தெருவுக்குள்ள எங்களையே ஆதார் கார்டு காட்டச் சொல்றாங்க, கேஸ் சிலிண்டர்காரர் உள்ள வர முடியலேன்னு மெயின் ரோட்டுலயே இறக்கி வச்சிட்டுப் போறாரு, அறுபது வயசு மனுஷன் என் வீட்டுக்காரர் அதை உருட்டிக்கிட்டு வர்றாரு.

எனக்கு வயிறு எரியற விஷயம் இதுதான். இதே ரங்கநாதன் தெரு, உஸ்மான் ரோட்டுல அனுமதி வாங்கினது ஒண்ணு கட்டினது ஒண்ணுன்னு மாடி மேல மாடி ஏத்தின கடைகளுக்கு 2011 அக்டோபர் கடைசியில, தீபாவளி முடிஞ்ச கையோட சீல் வச்சாங்க. கொஞ்ச மாசத்துல, பொங்கல் வியாபாரத்துக்கே, கோர்ட் மூலமா திறந்தாச்சு. விதி மீறின கட்டடத்துக்காக சட்டத்தையே திருத்தினாங்க, 1999 பிப்ரவரிக்குள்ள கட்டினது பணம் கட்டி வரன்முறை, அதாவது சட்டப்படி சரின்னு, பண்ணிக்கலாம்னு ஒரு தடவை, 2007 ஜூலைக்கு முன்னாடி கட்டினதுக்கு 2012-ல இன்னொரு தடவை. 2017 மே 31 விடியக்காலைல இதே ரோட்டுல ஏழு மாடி துணிக்கடை ஒண்ணு தீப்பிடிச்சு எரிஞ்சு கடைசியில மொத்தமா இடிக்க வேண்டியதாச்சே, அந்தப் புகையில நாங்க கதவைச் சாத்திக்கிட்டு மூக்குல ஈரத்துணியோட உக்காந்திருந்தோமே, அதுக்கப்புறமும் எங்களைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

மாடி கட்டினவனுக்கு இவ்வளவு அவகாசம் குடுக்கத் தெரியுதுல்ல, கீரைக்காரம்மாவுக்கும் ஒரு சட்டம் இருக்குங்க. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், நானே உக்காந்து படிச்சேன். கணக்கெடுத்து முடிச்சு சான்று குடுக்கற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும், பொருளை எடுத்தா பட்டியல் எழுதிக் கையில குடுக்கணும், அழுகற பொருளை வந்து கேட்ட அன்னைக்கே திருப்பித் தரணும். நேத்து இதுல ஒண்ணாவது நடந்துச்சா? ஒரு துண்டுச் சீட்டுகூடக் குடுக்கல. மத்தியானம் நான் மாநகராட்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டா கீரை எங்கன்னு யாருக்கும் தெரியல, "நீங்க யாரும்மா அவங்களுக்கு"ன்னு என்னைக் கேக்கறாங்க. நான் அவங்ககிட்ட பத்தொன்பது வருஷமா கீரை வாங்கறவங்க, வேற யாரா இருக்கணும்?

அந்தச் சட்டத்துப்படி நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், அதுல வியாபாரிங்க மட்டும் இல்ல, குடியிருப்போர் சங்கத்து ஆளுங்களும் உண்டு. எங்க தெருவுக்கு அந்தக் குழுவுல யாரு, எப்ப கூடினாங்க, காலைல ரெண்டு மணி நேரம் கீரை காய் விக்க எந்த முனையை ஒதுக்கியிருக்காங்கன்னு எழுத்துல கேட்டு மனு எழுதியிருக்கேன். இதுவரைக்கும் எட்டு வீட்டுல கையெழுத்துப் போட்டிருக்காங்க. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு அதே ஆபீசுக்குக் கொண்டு போறோம், பக்கத்துத் தெருக்காரங்க யாரா இருந்தாலும் கூட வாங்க. கீரைக்காரம்மா இன்னைக்கு வரல, போன் நம்பரும் எங்க யார்கிட்டயும் இல்ல. ஸ்டேஷன் பக்கம் அவங்களைப் பாத்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, நான் ரோட்டுல பொறுக்கின எலுமிச்சம்பழம் பதினொண்ணு எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு, அவங்க கையில குடுக்கணும்.