விரிந்தால் மட்டும் போதாது

சிறு செயற்கைக்கோள்களின் மடக்கு ஆன்டெனாவைத் தரையில் சோதிப்பது பற்றிய ஒரு கட்டுரை, ஆன்டெனா முழுசாக விரிந்துவிட்டால் சோதனை பாஸ் என்கிற தொனியில் முடிகிறது. சிக்கலே அங்கேதான் ஆரம்பம். நாசாவின் மழை ரேடார் செயற்கைக்கோளான ரெயின்கியூப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 2018-ல் பறந்த 6யூ கியூப்சாட் (ஒரு யூ என்பது பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரம்), 1.5யூ இடத்தில் மடித்த 0.5 மீட்டர் வலைத் தட்டு ஆன்டெனா, 35.75 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண். அலைநீளம் வெறும் 8.4 மி.மீ. தட்டின் பரப்பு சரியான வடிவத்திலிருந்து விலகும் பிழை ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) 0.2 மி.மீ. என்றால் சமிக்ஞை வலிமையில் இழப்பு சுமார் 0.4 டெசிபல், 0.4 மி.மீ. என்றால் சுமார் 1.6 டெசிபல். இது ரேடாரும்கூட, அலை போய்த் திரும்பி வரணும்; அதனால் போகவும் வரவும் இரண்டு தடவை அடி!

தரையில் புவியீர்ப்பு வலையைத் தொய்ய வைக்கும். நிமிர்த்தி ஒருமுறை, கவிழ்த்து ஒருமுறை அளந்து சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் கழிந்துவிடும். விரிப்புச் சோதனையை அதிர்வுச் சோதனைக்கு அப்புறம் வெற்றிடத்தில், குளிரில் செய்யணும். வலை அதைத் தாங்கும் விலாக் கம்பிகளின் நுனியில் சிக்கிக்கொள்வதும், மசகு இறுகி மோட்டார் திணறுவதும் அப்போதுதான் வெளியே வரும்.