ஹான்சனையும் பேச விடுங்கள், என்னையும் பேச விடுங்கள்

அமெரிக்க வரலாற்றாசிரியர் விக்டர் டேவிஸ் ஹான்சனைப் பற்றி ஒரு கூட்டத்தில் நான் பேசியதை வெட்டிப் போட்ட வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்றுகூட ஒரு பழைய மாணவர் அனுப்பி, "சார், இது நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான். வெட்டியவர் தனக்கு வேண்டிய இடத்தில் வெட்டி, மேலே "கட்டபொம்மனைச் சதாமோடு ஒப்பிட்ட வாத்தியார்" என்று தலைப்பும் போட்டிருக்கிறார். கமெண்டுகளைப் படிக்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். படித்துவிட்டேன்.

கட்டபொம்மனை நான் யாரோடும் ஒப்பிடவில்லை. இங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் செய்த தப்பையும் ஈராக்கில் சதாமை வீழ்த்தப் போன அமெரிக்க அரசு செய்த தப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1799 செப்டம்பரில் கம்பெனித் தளபதி பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தது. கோட்டையை இடித்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாறில், மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து நிற்க வைத்து, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்தது, வெறும் மண்ணால். மார்ச் 31 அன்று அதைத் தாக்கிய கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்து சேர்ந்து, மே 24 அன்றுதான் பிடிக்க முடிந்தது.

பாக்தாத் விழுந்தது 2003 ஏப்ரல் 9. மே 1 அன்று ஜார்ஜ் புஷ் விமானந்தாங்கிக் கப்பலில் நின்று பெரிய சண்டையெல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அமெரிக்கப் படை அங்கிருந்து வெளியேற 2011 டிசம்பர் ஆயிற்று. கோட்டையைப் பிடிப்பது வேறு, போரை முடிப்பது வேறு. நான் சொன்னது இவ்வளவுதான். இதில் கட்டபொம்மனுக்கு எங்கே அவமானம் வந்தது?

இந்தப் பேச்சே விக்டர் டேவிஸ் ஹான்சனைப் பற்றிப் பேசும்போது இடையில் வந்தது. வீடியோவில் அந்தப் பகுதி இல்லை. அவர் கிரேக்கப் போர் வரலாற்றைப் படித்தவர். கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டக் குடும்பம். ஃபிரெஸ்னோவில் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தார். இப்போது ஹூவர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு எல்லைப் பிரச்சினை, உக்ரைன், காசா, தேர்தல் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவரை ஏன் பாராட்டினேன் என்று கோபம். மீதிப் பேருக்கு அவரை ஏன் குறை சொன்னேன் என்று கோபம். இரண்டு தரப்பும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: வரலாற்று வாத்தியார் வரலாற்றோடு நிற்கட்டும்.

நிற்க மாட்டேன். பழைய போரைப் படித்தவன் இன்றைய போரைப் பேசத்தான் வேண்டும். தப்பாகப் பேசினால் தப்பு எங்கே என்று காட்டுங்கள். வாயை மூடு என்று சொல்லாதீர்கள்.

ஹான்சனை நான் ஏன் மதிக்கிறேன் என்று சொல்கிறேன். பழைய கிரேக்கத்தில் எதிரிப் படை வந்து வயலை அழித்தால் ஊரே பட்டினியில் விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1983-இல் ஒரு புத்தகத்தில் அவர் அதைக் கேள்வி கேட்டார். ஒலிவ மரத்தை வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். திராட்சைக் கொடியை வேரோடு பிடுங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. பச்சைக் கதிர் தீப்பிடிக்காது. கி.மு. 430-இல் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாவில் அதிகபட்சமாகத் தங்கியதே சுமார் 40 நாள். அத்தனை மரத்தையும் அதற்குள் எப்படி அழிப்பது? மதிலுக்குள் இருப்பவனை ஆத்திரப்படுத்தி வெளியே இழுக்கத்தான் அந்த நாசவேலை என்றார். மண்ணில் கை வைத்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாமாவின் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. சேரன்மகாதேவிப் பக்கம், வாய்க்கால் பாசனம். வரப்புத் தகராறில் ஒரே ராத்திரியில் குலை தள்ளின வாழையை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். விடிந்து நாங்கள் போனபோது வெட்டுவாயிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. பிஞ்சுக் குலைகளைச் சேற்றில் மிதித்துப் போட்டிருந்தார்கள். அத்தை வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மாமா யாரிடமும் பேசாமல் ஒவ்வொரு அடிக்கட்டையாகக் குனிந்து பக்கக்கன்று தப்பித்ததா என்று பார்த்துக்கொண்டே போனார். தப்பித்திருந்தது. தோட்டம் மறுபடி வந்தது. ஆனால் அந்த வருஷக் காசு வரவில்லை. அத்தையின் சங்கிலி அடகுக்குப் போனது, திரும்பவே இல்லை. ஹான்சன் சொன்னது சரி, மரம் சாகாது. அந்த ஒரு வருஷம் குடும்பம் என்ன ஆகும் என்பதற்கு அவர் அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. இதையும் அன்றைக்குப் பேசினேன். யாரும் அதை வெட்டிப் போடவில்லை.

"அவர் டிரம்ப் ஆள், தெரியாதா உங்களுக்கு?" என்கிறார்கள். தெரியும். 2019-இல் டிரம்பை ஆதரித்துப் புத்தகமே எழுதினார். அதற்காக ஒலிவ மரம் துளிர்க்காமல் போகுமா?

"உனக்கு ராணுவ அனுபவம் உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. விட்டுவிடுவோம்.

யோசிக்க வேண்டிய கேள்வியையும் ஒருவர் கேட்டிருந்தார். வரலாறு பெரிய கடல், அவரவர் தனக்கு வேண்டிய உதாரணத்தை எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு அதற்கு என்ன மதிப்பு என்று. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஹான்சனே இதற்குச் சாட்சி. 2003-இல் ஈராக் போரை ஆதரித்து எழுதினார். படையெடுக்கக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் படித்த பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பை எப்படித் தொடங்குகிறார்? அந்தத் தீவு எவ்வளவு பெரியது, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுகூட ஏதென்ஸ் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்று தொடங்குகிறார். அந்த வரியைப் படித்தவர் பாக்தாதுக்குப் போகிறவர்களிடம் அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவரை மடக்க எனக்குக் கிடைத்த ஆயுதமும் அதே புத்தகம்தானே. அவர் பேசியதால்தான் மடக்க முடிகிறது.

துசிடிடீஸ் மட்டும் என்ன செய்தார்? கி.மு. 424-இல் ஆம்ஃபிபோலிஸ் நகரை எதிரியிடம் கோட்டைவிட்ட ஏதென்ஸ் தளபதி. 20 வருஷம் நாடு கடத்தப்பட்டார். தன் காலத்துப் போரைத்தான் எழுதினார், அந்தக் காலத்து அரசியல்வாதிகளைப் பேர் சொல்லித்தான் எழுதினார். மார்க் பிளாக் இடைக்கால பிரான்ஸின் விவசாயத்தைப் படித்த பேராசிரியர். 1940-இல் தன் நாடு ஜெர்மனியிடம் ஏன் தோற்றது என்று, தோற்ற அதே வருஷத்தில், உட்கார்ந்து எழுதினார். தளபதிகளை விடவில்லை, தன்னைப் போன்ற படித்தவர்களையும் விடவில்லை. 1944 ஜூனில் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இடைக்காலத்தோடு நில் என்று அவரிடமும் சொல்லியிருக்கலாம்.

எதிரிகள் எழுதியதெல்லாம் வலிக்கவில்லை. கூடவே காப்பி குடிக்கிற நண்பர் ஒருவர் போன் பண்ணி, "அண்ணாச்சி, பென்ஷன் வருது, பேரன் பேத்தியப் பாத்துட்டு இருக்கலாம்லா, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார். அக்கறையில்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் தினமும் பாளையங்கோட்டை மேடைப் போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறார்கள். அது பழைய கோட்டையின் மிச்சம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டபொம்மன் என்றால் சினிமா வசனம் வாயில் வருகிறது. அதற்கப்புறம் இரண்டாவது போர் ஒன்று நடந்ததா என்று கேட்டால் முழிக்கிறார்கள். ராத்திரி டிவியில் உட்கார்ந்து எந்த நாட்டின் மீது எப்போது குண்டு போடலாம் என்று பேசுகிறவர்களிடம், நீங்கள் எந்தப் போரைப் படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. படித்தவனைத்தான் கேட்கிறார்கள், உனக்கு எதற்கு என்று.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பூலித்தேவனைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் மறுபடி போன் வந்தது. "பூலித்தேவன் மட்டும் போதும் சார், இன்னைக்கு அரசியல் வேண்டாம்" என்றார்கள். அவருடைய நெல்கட்டும்செவலில் என்ன நடந்தது? வெளியிலிருந்து வந்து வரி கேட்டவனை எதிர்க்க அவர் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்தார். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. யார் சேர்ந்தார்கள், யார் ஒதுங்கினார்கள், ஏன் ஒதுங்கினார்கள் என்று பேசாமல் பூலித்தேவனைப் பேச முடியாது. அதைப் பேசினால் இன்றைய அரசியல் தானாக வரும். அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.