வீணாகக் கிடந்த நிலம் அல்ல அது

நேற்று முழுவதும் பலரும் பகிர்ந்த அந்தப் படத்தை நானும் பார்த்தேன். மூடப்பட்ட நம் சிறு விமானத் திடலின் ஓடுபாதையை இயந்திரம் பெயர்த்துக்கொண்டிருக்கிறது. மேலே, "வீணாகக் கிடந்த நிலத்துக்கு விடிவு" என்று ஒரு வாழ்த்து. திடலை மூடியதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த நிலம் வீணாகக் கிடக்கவில்லை. அங்கே கிளைடர் ஓட்டக் கற்றவள் என்பதால் சொல்கிறேன். எஞ்சின் இல்லாத அந்த விமானத்தைத் தரையிலுள்ள வின்ச், நீண்ட கேபிளால் இழுத்து மேலே ஏற்றும். ஏறும்போதே கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்பதை, தனியாகப் பறக்க அனுமதிப்பதற்கு முன்பே பழக்குவார்கள். ஒரு நாள் என் பயிற்றுநர் முன்னறிவிப்பே இல்லாமல் பின்னிருக்கையிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டார். வானத்தைப் பார்த்திருந்த மூக்கைக் கீழே தள்ளி, வேகமானியின் முள் மறுபடி ஏறும்வரை காத்திருந்து, நேர் முன்னால் பார்த்தேன். ஓடுபாதையின் மறுபாதி வெறுமையாக விரிந்திருந்தது. அங்கேயே இறங்கினோம். யாருக்கும் பயன்படவில்லை என்று இன்று கணக்குக் காட்டப்படும் அந்த மறுபாதிதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. காலியாக இருப்பதுதான் அதன் வேலை.

பணக்காரர்களின் பொழுதுபோக்குத்தானே என்பீர்கள். இறக்கை முனையைப் பிடித்துக்கொண்டு ஓடியும், கொட்டகையைப் பெருக்கியும், தங்கள் முறைக்காக மாலைவரை காத்திருந்த மாணவர்களை ஒரு நாளாவது வந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல உங்களுக்கு மனம் வந்திருக்காது. சத்தம் என்று புகார் சொன்னவர்களிடம் நியாயம் உண்டு. அதற்கு நேரக் கட்டுப்பாடு போதும். வீடுகள் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால், வீட்டை வேறு இடத்திலும் கட்டலாம்; இரு முனைகளிலும் தடையின்றி நீளும் ஓர் ஓடுபாதையை நினைத்த இடத்தில் போட முடியாது.

சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டை நினைத்துப் பாருங்கள். 1948இல் திறக்கப்பட்ட ஏரிக்கரை விமானத் திடல் அது. 2003 மார்ச் 30 அன்று இரவில் மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவின்பேரில் புல்டோசர்கள் நுழைந்து, ஓடுபாதையில் பெருக்கல் குறி வடிவில் பள்ளங்களைத் தோண்டின. அங்கே நின்றிருந்த 16 விமானங்கள் சிக்கிக்கொண்டன. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் மூடியதற்காக நகரத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 33,000 டாலர். அபராதத்தால் ஓடுபாதை திரும்பி வரவில்லை. இன்று அங்கே பூங்காவும் இசை அரங்கும் இருக்கின்றன.

பெர்லினின் டெம்பல்ஹோஃப் பெரிய விமான நிலையம்தான். ஆனாலும் அங்கே பொறுமை காட்டினார்கள். 2008இல் மூடி, 2010இல் ஓடுபாதைகளை உடைக்காமலேயே பூங்காவாகத் திறந்தார்கள். விளிம்புகளில் கட்டடம் எழுப்பும் திட்டத்தையும் 2014 பொதுவாக்கெடுப்பில் மக்களே தடுத்தார்கள். ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். புல்வெளியில் வானம்பாடிகள் கூடு கட்டுகின்றன. மூடிய பிறகும் ஒரு திடலை மரியாதையோடு நடத்த முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எத்தனையோ பேர் முதன்முதலில் தனியாகப் பறந்து இறங்கிய மண் அது. அதை உடைக்கும் நாளைக்கூட ஊரார் பகிர்ந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இன்னும் பெயர்க்கப்படாமல் இருக்கும் பகுதியையாவது விட்டுவையுங்கள். அதுவும் முடியாது என்றால் உடையுங்கள். ஆனால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள்.