சமையலம்மாவிடம் கேட்டீர்களா?

சென்னையில் கல்யாண மண்டபங்களில் மீந்த சாப்பாட்டை எடுத்துப்போய் குழந்தைகள், முதியோர் இல்லங்களில் சேர்க்கும் குழுவில் நான்கு வருடமாக இருக்கிறேன். முகூர்த்த நாளென்றால் மண்டபத்திலிருந்து போன் வரவே இரவு பத்தரை ஆகிவிடும். அண்டாக்களை ஏற்றி, இல்லத்தில் இறக்கும்போது பதினொன்றரை. தூங்கிய பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்துச் சாப்பாடு போட்ட இரவுகளும் உண்டு. இன்று நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

அப்படி எடுத்துப்போனது என்ன? சாதம், பிரியாணி, ஜாங்கிரி. தேங்காய் போட்ட அவியலும் பொரியலும் எங்கள் கைக்கு வருவதற்குள் ஊசிப்போயிருக்கும். காய்கறி இருக்கிற பதார்த்தம்தான் முதலில் குப்பைக்குப் போகிறது. ஜாங்கிரி மட்டும் பத்திரமாக, சர்க்கரை நோயாளிகள் நிறைந்த முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்கிறது.

மீந்த உணவைப் பகிர்வதற்கென்றே 2019-இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்தது. சரி, அது கெடாமல் கொடுப்பதைப் பார்த்துக்கொள்ளும். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே போகாமலிருக்க நல்ல ஹாட் பாக்ஸ் வாங்கினால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். சத்துக்கு என்ன வழி?

நன்கொடையாக வருவதும் அரிசி மூட்டைதான். 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலம் இது. இங்கே ஏழை வீட்டுத் தட்டில் குறைவது பருப்பும் முட்டையும் கீரையும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஒரே இல்லத்துக்கு மூன்று பிறந்தநாள் பிரியாணி வரும். புதன்கிழமை எட்டிப்பார்க்க ஆள் இருக்காது. எல்லாக் குழுக்களும் ஒரே நாட்காட்டியில் பதிவு செய்தாலே இது மாறும்.

உணவு வங்கி என்று சொல்லிக்கொள்ளும் நாம் இரவு மண்டபத்துக்கு ஓடுவதைக் குறைத்து, காலையில் கோயம்பேடு காய்கறிச் சந்தைக்குப் போக வேண்டும். மொத்த வியாபாரம் முடிந்து வெயில் ஏறினால் வாடிப்போகும் கீரை, சற்றே கனிந்த தக்காளி, வளைந்த முருங்கைக்காய் எல்லாம் அன்றே சமைத்தால் அருமையான சாப்பாடு. வியாபாரிகளிடம் வாரத்துக்கு இரண்டு நாள் என்று பேசிவைத்து, கூலிக்கும் வண்டிக்கும் நாம் காசு போட்டால் போதும். பிறந்தநாளுக்குப் பிரியாணி போட நினைப்பவர்கள், அதே பணத்தில் ஒரு மாத முட்டைக்குப் பொறுப்பேற்கலாமே.

போன வாரம் ஓர் இல்லத்தின் சமையலம்மாவிடம், "அக்கா, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. யோசிக்கவே இல்லை அவர். "பாசிப்பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை. கீரையை மட்டும் காலையிலேயே கொண்டாந்துடு தம்பி, ஆய நேரம் வேணும்."