சித்திரையில் தேடினால் சாணி வண்டு கிடைக்காது

"பீவண்டு இனமே நம்ம பக்கம் அழிஞ்சு போச்சு" என்று ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். கத்திரி வெயிலில், ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் கிடந்த சாணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதியது. அந்த மாதத்தில் அந்த இடத்தில் சாணி வண்டைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அவருடைய கவலை வீண் என்று சொல்ல மாட்டேன். கவலைப்பட வேண்டிய மாதம் சித்திரை அல்ல, ஐப்பசி.

வளர்ந்த வண்டு சாணியின் ஈரத்தில் மிதக்கும் நுண்ணிய சத்தைத்தான் உறிஞ்சுகிறது. காய்ந்த வறட்டி அதற்கு உணவாகாது. சித்திரையில் காலையில் விழுந்த சாணி மதியத்துக்குள் பொருக்குத் தட்டிவிடும். ஆடியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மண்ணும் இடம் கொடுக்காது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல் வெடித்து இறுகிக் கிடக்கும். கடலோர மணல் தோண்டத் தோண்டச் சரியும். அதனால் கோடை முழுக்க இந்த வண்டுகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் இருக்கின்றன. மழை நனைத்து மண் இளகினால்தான் மேலே வரும்.

நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. கேரளத்தில் ஆனி, ஆடியில் மழை கொட்டும்போது இங்கே புழுதி பறக்கும். ஆக, நம் கடற்கரை வண்டுக்கு வருஷம் என்பது கிட்டத்தட்ட மூன்று மாதம்தான். புரட்டாசியில் இரண்டு நல்ல மழை முன்கூட்டியே விழுந்தால் கொஞ்சம் கூடும். ஐப்பசி பொய்த்தால் அந்த வருஷத் தலைமுறையே சுருங்கும். அடை மழையும் ஆபத்துதான்: தாழ்வான நஞ்சையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழு மூச்சு முட்டிச் சாகும்.

மழை மட்டும் போதாது, இடமும் அமைய வேண்டும். சாணியை உருட்டிக்கொண்டு போகும் வண்டைத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உருட்டுகிறவை சிறுபான்மை. பெரும்பாலானவை சாணிக்கு நேர் கீழே வளை தோண்டிச் சாணியை உள்ளே இழுத்துக்கொள்கிறவை. சாணிக்குள்ளேயே குடியிருக்கும் சின்ன வகைகளும் உண்டு. வளை தோண்டுகிறவற்றுக்குச் சுவர் நிற்கிற மண் வேண்டும். அதனால் கண்மாய்க் கரை, ஊருணி ஓரம், பனந்தோப்பு நிழல் இதெல்லாம் அவற்றுக்குத் தோதான இடம். வெட்டவெளி மணலில் பகல் வெயிலைத் தாங்கி வேலை செய்வது உருட்டும் வகைகள்தான். உச்சிப்புளி மணலில் பார்க்கும் வண்டும், ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்ப் பக்கம் பார்க்கும் வண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஓரிடத்துக் கணக்கை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதற்குப் பெரிய சாட்சி ஆஸ்திரேலியா. 1788இல் அங்கே ஐரோப்பியர் மாட்டைக் கொண்டுபோனார்கள். கங்காருவின் சின்ன உலர்ந்த புழுக்கைக்குப் பழகிய உள்ளூர் வண்டுகளில் பெரும்பாலானவை மாட்டுச் சாணியைத் தொடவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணி மூடி, ஈ பெருகியது. 1960களின் கடைசியிலிருந்து அரசு ஆராய்ச்சி நிறுவனம் வெளிநாடுகளிலிருந்து 43 இன வண்டுகளைக் கொண்டுவந்து விட்டது. நிலைத்தவை 23 மட்டுமே. பருவமும் மண்ணும் ஒத்துவந்த இடத்தில்தான் அவை பிழைத்தன. நமக்கோ இந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய வண்டு சும்மாவே கிடைத்திருக்கிறது!

சரி, என் கவலை எதில் என்றால், குடற்புழு மருந்தில்.

மழைக்கு முன்னும் பின்னும் ஆடு மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். அவசியமும்கூட. மழையோடு குடற்புழுவும் பெருகும், கொடுக்காமல் விட்டால் குட்டிகள் செத்துப்போகும். கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மருந்துகளில் ஒன்றான ஐவர்மெக்டின் ஊசி போட்டால் அந்த மருந்தின் பெரும்பங்கு சாணி வழியாகத்தான் வெளியே வருகிறது. வளர்ந்த வண்டு உடனே சாகாமல் போகலாம். ஆனால் அது முட்டையிடும் அந்தச் சாணி உருண்டைக்குள் பிறக்கும் வண்டுப் புழு பிழைப்பது கஷ்டம். ஈயைப் போல நூறு முட்டை இடுகிற பிராணி அல்ல இது. உருண்டைக்கு ஒரு முட்டை. சில பெரிய இனங்களில் ஒரு தாய் வாழ்நாள் முழுக்க இடுவதே இருபதுக்கும் குறைவு. மூன்று மாத வாய்ப்பில் முதல் மாதத்துச் சாணி நஞ்சாகிவிட்டால், அடுத்த வருஷம் மண்ணிலிருந்து எது எழுந்து வரும்?

இழப்பு நமக்கும்தான். சாணி மேலே கிடந்து காய்ந்தால் அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். வண்டு புதைத்தால் வேருக்குப் போகும். முண்டு மிளகாய்க்கு முன்னால் எருவுக்காக ஆட்டுக் கிடை போட்டுக் கூலி கொடுக்கிற சம்சாரிக்கு இது காசு விஷயம்.

அதனால் ஆடு மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். இந்தப் புரட்டாசியில் கால்நடை மருத்துவரிடம் பேசும்போது, ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் வகை போதுமா என்று கேளுங்கள். அவை வண்டுக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. உண்ணிக்காகவோ சொறிக்காகவோ ஐவர்மெக்டின்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் போடத்தான் வேண்டும். போட்ட பிறகு ஒன்றிரண்டு வாரம் முடிந்தவரை தொழுவத்திலேயே கட்டித் தீவனம் போடுங்கள். அந்தச் சாணியை எருக்குழியில் தள்ளி நன்றாக மக்கவிட்டு, அப்புறம் வயலுக்குக் கொண்டுபோகலாம். மந்தை முழுக்க ஒரே நாளில் ஊசி போடாமல், தேவைப்படுகிற உருப்படிக்கு மட்டும் போடலாமா என்றும் கேளுங்கள்.

மற்றவர்கள் முதல் மழை விழுந்த மறுநாள் வெளியே போய்ப் பாருங்கள். ஊர், மண், நிழலா வெட்டவெளியா, காலையா சாயங்காலமா, மாட்டுச் சாணியா ஆட்டுப் புழுக்கையா என்று குறித்துப் படத்தோடு கீழே போடுங்கள். வண்டே இல்லை என்றால் அதையும் தேதியோடு போடுங்கள்.