தம்பியை ‘ஈமு’ என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கு அன்று இரவே வாட்ஸ்அப்பில் காணொளி வந்து சேர்ந்துவிட்டது. எனவே முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. பலரிடம் பணம் திரட்டி, சொன்ன தேதி கடந்தும் முடியாமல், இரண்டரை ஆண்டுகளாகத் தனியாளாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிவரும் பையன், முப்பது பேருக்கு முன்னால் அதன் முதல் இரண்டு ஊர்களை ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் “இதுவும் ஈமு கோழி மாதிரிதானா தம்பி?” என்று கேட்டார். பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நான் அழைத்து வந்தவர்களும் இருந்தார்கள்.

ஈமு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2012இல் அந்தப் பண்ணைகள் சரிந்தபோது, இரண்டு கறவை மாடுகளை விற்று என் சித்தப்பா போட்ட பணமும் சேர்ந்தே போனது. பணம் போன பிறகும் பறவைகள் இருந்தன. அவற்றுக்குத் தீவனம் வாங்க வழியில்லாமல் அவர் கம்பி வேலிக்கு வெளியே நின்ற கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தச் சொல்லை வைத்து யாராவது வேடிக்கை செய்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பண்ணைக்காரர்கள் பணம் போட்டவர்களிடம் மாதாமாதம் பணம் தருவோம், ஆண்டு முடிவில் போனஸ் தருவோம், பறவையைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்றார்கள். தம்பி எவருக்கும் ஒரு ரூபாய் வட்டி தருவதாகச் சொல்லவில்லை. “நான் ஒரு விளையாட்டைச் செய்யப் போகிறேன், 500 ரூபாய் கொடுத்தால் முடிந்ததும் ஒரு பிரதி தருகிறேன், 2,000 கொடுத்தால் உங்கள் பெயரை விளையாட்டுக்குள் ஒரு நடுகல்லில் பொறிக்கிறேன்” என்றான். இதில் எந்த வரி உங்களுக்கு ஈமுவாகத் தெரிந்தது?

கிரவுட் ஃபண்டிங், அதாவது ஒன்றைச் செய்து முடிக்கப் பலரிடம் முன்கூட்டியே சிறுசிறு தொகையாகச் சேர்க்கும் திரள்நிதி, என்பது கடை அல்ல. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவு. கடையில் பொருள் இருக்கிறது, காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறோம். ஏலச்சீட்டில் தவணை இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது, தவறினால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. திரள்நிதி இந்த இரண்டிலும் சேராது. அது எங்கள் ஊரில் கூத்துக்குக் கொடுக்கிற தலைக்கட்டு வரியைப் போன்றது. பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைக்கும் ஆண்டுகளில், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் கூத்துக் குழுவான ஜமா வரும், போர்க்களக் காட்சியான படுகளத்துக்குத் துரியோதனன் மண்ணில் எழும்புவான். ஓர் ஆண்டு கர்ண மோட்சத்தன்று விடிய விடிய மழை கொட்டிக் கூத்து நின்றுபோனது. வரி கொடுத்த ஒரு தலைக்கட்டும் மறுநாள் காலையில் கூத்து வாத்தியாரின் சட்டையைப் பிடிக்கவில்லை. “நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்” என்றார்கள். கூத்தை வேண்டியவர்கள் வரி கொடுத்தார்கள், அவ்வளவுதான். கொடுத்ததனால் கர்ணனுக்கு வசனம் எழுதிக் கொடுக்கும் உரிமை தங்களுக்கு வந்துவிட்டதாகவும் எவரும் நினைக்கவில்லை.

இது ஏதோ நான் ஊர்ப் பெருமைக்காகக் கண்டுபிடித்த ஒப்புமை என்று எண்ண வேண்டாம். “நாங்கள் கடை அல்ல” என்று, இணையத்தில் திரள்நிதி சேர்க்க இடம் தரும் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே 2012 செப்டம்பரில் தலைப்பு போட்டு எழுதியது. அந்த ஆண்டுதான் தம்பி செய்வது போன்ற விளையாட்டுகளுக்கு மறுவாழ்வு கிடைத்த ஆண்டு. மேலிருந்து பார்க்கும் காட்சி, முறை வைத்து நடக்கும் சண்டை, பக்கம் பக்கமாக உரையாடல் என்று இருந்த பழைய பாணிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கு (நாமே கதையின் ஒரு பாத்திரமாகி ஆடுபவை) பணம் போடப் பெரிய வெளியீட்டாளர்கள் முன்வராத காலத்தில், வேஸ்ட்லேண்ட் 2 என்ற விளையாட்டுக்காக 9 லட்சம் டாலர் கேட்டார்கள். ஏறத்தாழ 29 லட்சம் டாலர் சேர்ந்தது. அதே ஆண்டில், பின்னர் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்று பெயர் பெற்ற விளையாட்டுக்கு 11 லட்சம் டாலர் கேட்டவர்களுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கிடைத்தது.

இவை சொன்ன தேதிக்கு வந்தனவா என்று பாருங்கள். வேஸ்ட்லேண்ட் 2 வருவதாகச் சொன்னது 2013 அக்டோபரில். வந்தது 2014 செப்டம்பரில். பில்லர்ஸ் 2014 ஏப்ரல் என்று சொல்லி 2015 மார்ச்சில் வந்தது. இதே வழியில் பணம் திரட்டிய டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நியூமெனெரா 2014 டிசம்பர் என்று சொல்லி 2017 பிப்ரவரியில் வந்தது. இவையெல்லாம் பல ஆண்டு அனுபவம் உள்ள, சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிற நிறுவனங்கள். எங்கள் தம்பியிடம் இருப்பது பழைய கணினி ஒன்று, அவன் அக்கா வீட்டு மாடியறை ஒன்று. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததால், கூகுள் படிவத்தையும் ஜிபேயையும் வைத்து, தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சேர்த்த பணம் அது.

“தேதி சொன்னவன் அவன்தானே?” என்று கேட்பீர்கள். ஆம், அவன்தான் சொன்னான், தவறு. ஈத்தன் மோலிக் என்ற பேராசிரியர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை தாமதமாகவே பொருளைக் கொடுத்தன என்று கண்டார். அதே மனிதர் அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கெடுப்பும் செய்தார். கடைசிவரை எதையும் கொடுக்காமல் போனவை நூற்றுக்கு ஒன்பது. தாமதம் வேறு, மோசடி வேறு. காசு கொடுத்த எல்லோரும் அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு கொடுத்திருக்க வேண்டும். அதைச் சொல்லித்தான் நானும் நாற்பது பேரிடம் வாங்கிக் கொடுத்தேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்பதை அந்த அண்ணன் ஒரு முறையாவது கேட்டாரா? நான் கேட்டேன். விளையாட்டில் நீங்கள் மாடு மேய்ப்பவர். தொறு, அதாவது கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தை, மீட்கப் போன உங்கள் அண்ணன் இறந்துபட்டான், அவனுக்குக் கல் நட வேண்டும். தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பல மாதங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய கதை அது. ஊர்த் தலைவனிடம் நீங்கள் உண்மையைச் சொல்லலாம், பொய் சொல்லலாம், பேசாமலும் இருக்கலாம். சொன்னது எதுவோ அதை அந்த ஊரில் இருக்கும் இருபது பேரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடுத்த ஊருக்குச் செய்தி போயிருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு மூன்று பதில், மூன்றுக்கும் மூன்று விளைவு என்று போனால் நான்காவது கேள்வியில் எண்பத்தொரு வழிகள் ஆகின்றன. அவற்றை வெட்டிச் சுருக்கி, எங்கும் முட்டி நிற்காமல் ஓட வைப்பதற்குத்தான் நாள் போகிறது. போதாததற்குத் தமிழ் வேறு. அவன் எடுத்துக்கொண்ட மென்பொருளில் தமிழ் எழுத்துகள் சேரவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. பென்னாகரம் என்ற பெயரையே திரையில் படிக்க முடியவில்லை. அதைச் சரிசெய்ய மட்டும் நான்கு மாதங்கள். ஆங்கிலத்தில் செய்துவிட்டுப் போயிருந்தால் அந்த நான்கு மாதங்கள் மிச்சம், அப்படிச் செய்திருந்தால் “தமிழில் ஏன் இல்லை?” என்று முதலில் கேட்டிருக்கக் கூடியவர் யார் என்பதையும் நான் அறிவேன்.

“இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் விளையாடுவார்கள்?” என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு அது தனிப்பட்ட முறையில் வலித்தது. 2002இல் நான்கு கணினிகளோடு என் கடையைத் தொடங்கியபோது இது பிரவுசிங் சென்டர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்த குறுந்தகட்டில் ஃபால்அவுட் என்ற 1997ஆம் ஆண்டு விளையாட்டு இருந்தது. உங்கள் மக்கள் குடிக்கும் தண்ணீரைச் சுத்திகரிக்கிற கருவி பழுதாகிவிட்டது, 150 நாட்களுக்குள் மாற்றுச் சில்லைத் தேடிக் கொண்டுவாருங்கள் என்று வெளியே அனுப்புவார்கள். எங்கே போவது என்று அம்புக்குறி காட்டாது. கடை மூடிய பிறகு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, எண்பது பக்க நோட்டில் வரைபடம் போட்டு விளையாடினேன். தருமபுரிக்காரனுக்குத் தண்ணீர் தேடிப் போவது என்ன புதிதா என்று என் நண்பன் கேலி செய்வான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அந்த நோட்டில் கற்றது. அது திருட்டுப் பிரதி. அதைச் செய்தவர்களுக்கு என்னிடமிருந்து ஒரு பைசாவும் போகவில்லை. இன்று தம்பிக்குக் கொடுத்த 2,000 ரூபாயில் அந்தப் பழைய கடனின் வட்டியும் கொஞ்சம் இருக்கிறது. விளையாடுவார்களா என்ற கேள்விக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, நான் விளையாடுவேன்.

புதிய மடிக்கணினி வாங்கிவிட்டான் என்ற புகாருக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கணினி விளையாட்டைப் பின்னே கலப்பையை வைத்தா செய்வார்கள்? அதுவும் பழையது, ஓசூரில் இரண்டாம் கையாக வாங்கியது.

“ஐந்து மாதங்களாக ஒரு செய்தியும் போடவில்லையே?” என்பதும் ஒரு கேள்வி. போட்டிருக்க வேண்டும். டார்மென்டில் தருவதாக உறுதி சொன்ன சில அம்சங்களை நீக்கியதைக் காசு கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்றுதான் அங்கேயும் கோபம் வந்தது; அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து மாத மௌனத்துக்குத் தண்டனை முப்பது பேர் நடுவில் ஈமு என்று கூப்பிடுவதா?

நம் நாட்டில் இது நடக்காது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புனேயில் சிலர் சேர்ந்து செய்த ராஜி என்ற விளையாட்டு 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகையை எட்டவில்லை. அங்கே கேட்டது முழுதாகச் சேராவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. ஆனாலும் 2020இல் அதை வெளியிட்டார்கள். இன்று அது இந்திய விளையாட்டு என்று பெருமையாகப் பகிர்பவர்களில் எத்தனை பேர் 2017இல் காசு கொடுக்க முன்வந்தார்கள்? 1976இல் ‘மந்தன்’ என்ற படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் பால் சங்கம் இருக்கிறது. காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து கையில் இருந்த 500 ரூபாயைத் தம்பிக்குப் போட்டுவிட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். கணினியைத் தொட்டதே இல்லை. “நடுகல் பற்றி என்றாயே, செய்யட்டும்” என்றார். அவர் இன்றுவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டது யார் என்று பார்த்தால், பட்டப்படிப்பு முடித்து, மாதச் சம்பளம் வாங்கி, வாரக் கடைசியில் ஒகேனக்கல் போய் வறுத்த மீனுக்கு இதைவிட அதிகம் செலவு செய்கிறவர்கள்.

கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது பின்னால் தோண்டி எடுப்பதற்கு முன். 2006இல் நான் ஒரு சிற்றிதழ் தொடங்கினேன். ஆண்டுக்குப் பன்னிரண்டு இதழ் என்று சொல்லி நூற்றுச் சொச்சம் பேரிடம் ஆண்டுச் சந்தா வாங்கினேன். அதுவும் திரள்நிதிதான், அப்போது அந்தப் பெயர் இல்லை. மூன்று இதழ்கள் வந்தன. நான்காவது அச்சகத்திலேயே நின்றுவிட்டது, காகித விலை, என் திருமணம், கடைக் கடன் என்று ஏதேதோ. சந்தா கொடுத்தவர்களுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டு ‘நின்றுவிட்டது’ என்று சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. பென்னாகரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பேருந்து நிலையத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “அடுத்த இதழ் எப்போது வரும் தம்பி?” என்று கேட்பார். கேலியாக அல்ல, உண்மையாகவே காத்திருந்தார். இரண்டாண்டுகள் கழித்து அவரைக் கண்டால் நான் பழக்கடைப் பக்கம் ஒதுங்கிப் போகத் தொடங்கினேன். அவர் இறந்த செய்தி வந்தபோது போகவும் இல்லை. ஒன்பது இதழ்கள் பாக்கி.

அவர் அன்று என்னை நடுத்தெருவில் நிறுத்தி ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருந்தால் நான் இன்னொரு முறை எதையும் தொடங்கியிருக்க மாட்டேன். சொல்லவில்லை, அப்படியும் தொடங்கவில்லை என்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் தம்பி கம்பிகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டே “அண்ணா, எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிடலாமா?” என்று கேட்டான். அவன் கையில் அந்தப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். “போய் மூன்றாவது ஊரை முடி” என்று சொல்லிப் பேருந்து ஏற்றிவிட்டேன்.

ஈமு என்று சொன்ன அண்ணனுக்கு: நீங்கள் கொடுத்தது 500 ரூபாய், பட்டியலில் இருபத்தேழாவது பெயர். ரசீது எதுவும் கொண்டுவர வேண்டாம். கடை காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை திறந்திருக்கும், புதன்கிழமை மட்டும் விடுமுறை. பணத்தை உறையில் போட்டு உங்கள் பெயர் எழுதிக் கல்லாவில் வைத்திருக்கிறேன். உங்கள் சார்பில் அந்த இருபத்தேழாம் எண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு வந்த பிறகு அதைக் கேட்டு வராதீர்கள்.